குடல்வாயைச் சுற்றிய சருமம்

அடைபட்டோ அழுகியோ போன குடலுக்கு மாற்றாக வயிற்றின் மேற்புறத்தில் ஒரு வாய் வைத்து, மலத்தை அவ்வழியே வெளியேற்றும் ரணசிகிச்சைக்கு ஏறக்குறைய இருநூற்றைம்பது வருஷச் சரித்திரம் உண்டு. ஆனால் அந்த வாயையும் அதைச் சுற்றியுள்ள சருமத்தையும் புண்ணாகாமல் காக்கும் வித்தை, சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான் உருப்பெற்றது. உயிரைக் காப்பாற்றியதோடு தன் கடமை தீர்ந்ததென்று வைத்தியம் நெடுநாள் எண்ணியிருந்ததே இந்தத் தாமதத்துக்கு முக்கியமான காரணம்.

மலத்துவாரம் சரிவர அமையாமல் பிறந்து இறந்த ஒரு சிசுவின் உடலைப் பரிசோதித்த பிரெஞ்சு வைத்தியர் லித்ரே, குடலை வயிற்றின் மேல் திறந்துவிட்டால் இத்தகைய சிசுக்கள் பிழைக்கக்கூடும் என்று 1710-இல் யோசனை கூறினார். 1776-இல் ரூவான் நகரத்துப் பிலோர், மலக்குடல் புற்றினால் அடைப்புற்ற ஒரு மது வியாபாரிக்கு அவ்விதம் வழி திறந்தார். அந்த வாயை மூடுவதற்கு அவருக்குக் கிடைத்த உபகரணம், கட்டுத்துணியால் இறுக்கிய ஒரு கடற்பஞ்சுதான். அந்த மனிதர் ஒரு மாதத்துக்குள் இறந்துபோனார். 1793-இல் பிரெஸ்ட் நகரத்தில் டூரே சிகிச்சை செய்த பச்சிளங்குழந்தையோ நாற்பத்தைந்து வயது வரையில் ஜீவித்திருந்தது. இத்தனை வருஷங்கள் ஒருவர் அந்தத் திறந்த வாயோடு எப்படிக் காலம் தள்ளுவது என்ற கேள்விக்கு, கந்தையும் பஞ்சும் தோற்பையும் தவிர வேறு விடை அக்காலத்தில் கிடையாது.

கொலாஸ்டமி என்னும், பெருங்குடலில் வைத்த வாயின் வழியே வருவது பெரும்பாலும் இறுகிய மலமாதலால் அந்தக் கஷ்டத்தை ஒருவாறு சகித்துக்கொள்ளலாம். சிறுகுடலின் கடைப்பகுதியை வெளியே கொணரும் இலியாஸ்டமி அத்தன்மையதன்று. அதன் வழியே இரவும் பகலும் ஒழுகும் திரவத்தில் ஜீரண ரசங்கள் கலந்திருப்பதால், உண்ட ஆகாரத்தைக் கரைக்கும் அந்தச் சக்தி, வாயைச் சுற்றிய தோலையும் அதே விதமாய் அரித்துவிடும். போதாக்குறைக்கு, வெளியே நீட்டிவிடப்பட்ட குடலின் மேலுறை அந்தத் திரவம் பட்டு அழற்சியுற்று வீங்கி, வாயையே அடைத்துக்கொள்வதும் உண்டு. அமெரிக்காவில் கோனிக்–ரட்சன் என்ற பெயரால் வழங்கிய ரப்பர்ப் பையைப் பசை தடவி உடம்போடு ஒட்டும் முறை 1940-களில் பரவியபோது வெளியே நடமாடும் தைரியம் பலருக்குப் பிறந்ததெனினும், பசைக்கும் ரசத்துக்கும் நடுவில் அகப்பட்ட சருமத்தின் துன்பம் தீர்ந்தபாடில்லை.

1952-ஆம் வருஷம் இந்தச் சரித்திரத்தில் ஒரு திருப்பம். பர்மிங்ஹாமில் பிரையன் புரூக், வெளியே கொணர்ந்த குடல்முனையைச் சட்டைக் கையை மடித்துவிடுவதுபோல் உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பித் தோலோடு தைத்துவிடும் எளிய உபாயத்தை அவ்வருஷம் பிரசுரித்தார். மேலுறை மறைந்ததனால் அழற்சி ஒழிந்தது. வாய் சற்றே மேலெழுந்து நின்றதனால் திரவமும் தோலில் படராமல் நேரே பையில் விழுந்தது. கிளீவ்லண்டில் ரூபர்ட் டர்ன்புல், செயற்கைப் பற்களை ஈறில் பற்றவைக்கப் பயன்பட்ட கராயாப் பிசின் தூள் ஈரமான தோலிலும் ஒட்டிக்கொண்டு ரசத்தைத் தடுத்து நிறுத்துவதைக் கண்டறிந்ததும் அக்காலத்திலேயே. கராயா நம் நாட்டு மரத்தின் பிசின். ஆந்திரத்து மலைக்காடுகளில் ஆதிவாசிகள் மரத்தைக் கீறி வடித்தெடுக்கும் அந்தப் பிசின், கடல் கடந்து சென்று, முகமறியாத நோயாளிகளின் வயிற்றுத் தோலுக்குக் கவசமாயிற்று.

பிசினைக் காட்டிலும் பெரிய உபகாரம், அனுபவித்தவர்களையே ஆசிரியர்களாக்கியது. டர்ன்புல்லிடம் இலியாஸ்டமி செய்துகொண்ட நார்மா கில் என்ற பெண்மணி, தாம் கற்றதை மற்ற நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்க முன்வரவே, அவர் 1958-இல் அந்த அம்மையாரை ஆஸ்பத்திரியிலேயே நியமித்தார். 1961-இல் இப்பணிக்கென ஒரு பயிற்சிப் பள்ளியும் அங்கே தோன்றியது. டென்மார்க்கில் எலிஸ் சோரன்சன் என்ற நர்ஸ், கொலாஸ்டமி செய்துகொண்ட தம் சகோதரி கசிவுக்கு அஞ்சி வெளியே தலைகாட்டாதிருப்பதைக் கண்டு, ஒட்டிக்கொண்டு பின் எறிந்துவிடத்தக்க பிளாஸ்டிக் பையை 1954-இல் கற்பனை செய்தார். 1957-இல் தோன்றிய கோலோபிளாஸ்ட் கம்பெனி அதிலிருந்து பிறந்ததே.

இத்தகைய அனுபவங்களிலிருந்து திரண்ட விதிகள் இன்றும் செல்லுபடியானவை. சிகிச்சைக்கு முன்பே நோயாளியை நிற்கவும் உட்காரவும் குனியவும் செய்து, மடிப்பும் வடுவும் எலும்பும் இடைக்கச்சும் விலகிய, அவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் சில வாரங்களில் வீக்கம் வற்றி வாய் சுருங்குமாதலால், அதை அடிக்கடி அளந்து, பையை உடம்போடு பற்றவைக்கும் ஒட்டுத்தகட்டின் துளையை அதற்கேற்ப வெட்ட வேண்டும். துளை பெரிதாயின் நடுவில் வெளிப்படும் தோல் வெந்துபோகும். தகட்டைப் பிடுங்காமல், தோலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மெல்ல உரித்து, வெதுவெதுப்பான நீரால் கழுவி, ஈரம் போகத் துடைத்தபிறகே புதியதை ஒட்ட வேண்டும். சிவந்து எரியும் சருமத்தை, உயிர் பிழைத்ததற்குக் கொடுக்கும் விலையென்று முற்காலத்தார் பொறுத்துக்கொண்டனர். அளவு தவறியதையோ விளிம்பு கசிவதையோ அறிவிக்கும் அறிகுறி அது என்றறிந்த நமக்கு அந்தப் பொறுமை தேவையில்லை; உடனே நர்ஸிடம் காட்டிக் காரணத்தை நீக்கிக்கொள்வதே விவேகம்.