ஒரே வானம், இரண்டு மணிக்கூடு

போன மாதம் ஒரு நாள், மொட்டை வெயிலில், டச்பே கடற்கரையில் நாங்கள் மூன்று பேர் கையால் செய்த அன்ரெனா ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி நின்றோம். சர்வதேச விண்வெளி நிலையம் திருமலைக்கு மேலால் போகும், அதிலுள்ள அமெச்சூர் வானொலி ரிப்பீற்றரைக் கேட்கலாம் என்பது திட்டம். அட்டவணையில் 13.12 என்று போட்டிருந்தது. ஒன்று பன்னிரண்டுக்கு வெறும் இரைச்சல். ஒன்றரைக்கும் அதே இரைச்சல். வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது: அது உலகப் பொதுநேரம். எங்கள் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்டியிருக்க வேண்டும்.

கதையைக் கேட்டு எங்களில் ஒருவரின் அம்மம்மா சிரித்தா. "உங்களுக்கு ஒருக்காத்தானே பிழைச்சது. நாங்கள் பத்து வருஷம் ஆரைக் கண்டாலும் 'பழைய நேரமோ, புது நேரமோ' எண்டு கேட்டுத்தான் திரிஞ்சனாங்கள்."

அவ சொன்னது எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கவேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1957 ஒக்ரோபர் 4ஆம் திகதி சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. அதே மாதத்தில்தான் பிரித்தானியா திருகோணமலைக் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளித்தது. ஒரு காலம் முடிந்து இன்னொன்று தொடங்கிய மாதம் அது. ஸ்புட்னிக் 96 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றியது. 20, 40 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைகளில் 'பீப் பீப்' என்றது. சாதாரண சிற்றலை வானொலி வைத்திருந்தவர்களே அதைக் கேட்டார்கள்.

அமெரிக்காவில் வில்லியம் கையர், ஜோர்ஜ் வைஃபன்பாக் என்ற இரண்டு இளம் விஞ்ஞானிகள் அந்த ஒலியில் ஒன்றைக் கவனித்தார்கள். கிட்ட வரும்போது சுருதி கூடுகிறது, தள்ளிப் போகும்போது குறைகிறது. ரயில் ஹோர்ன் அடித்துக்கொண்டு கடந்து போகும்போது நாங்கள் கேட்கிற அதே டொப்ளர் விளைவு. அந்த மாற்றத்தை மட்டும் வைத்து ஸ்புட்னிக்கின் பாதையைக் கணித்தார்கள். அடுத்த வருடம் கேள்வி தலைகீழாகத் திரும்பியது: செய்மதியின் பாதை தெரிந்தால், கேட்பவர் எங்கே நிற்கிறார் என்று கண்டுபிடிக்கலாம் அல்லவா? அமெரிக்கக் கடற்படையின் ட்ரான்சிற் வழிகாட்டல் முறை அங்கிருந்துதான் பிறந்தது. ஜி.பி.எஸ்.ஸுக்கு முன்னால் கப்பல்களுக்கு வழிகாட்டிய முறை அது.

அமெச்சூர் வானொலிக்காரர் சும்மா இருக்கவில்லை. 1961 டிசம்பர் 12இல் அவர்களே செய்த ஒஸ்கார்-1 விண்ணுக்குப் போனது. அது மோர்ஸ் மொழியில் 'ஹாய்' மட்டும் சொல்லும். 28 நாடுகளில் 570க்கும் மேற்பட்டோர் அதைக் கேட்டு அறிக்கை அனுப்பினார்கள். எப்போது வரும் என்று எப்படித் தெரிந்தது? கணக்குத்தான். பூமி ஒரு மணித்தியாலத்துக்கு 15 பாகை சுழல்கிறது. செய்மதி ஒன்றரை மணித்தியாலத்தில் ஒரு சுற்றை முடித்துத் திரும்பும்போது, அதன் பாதை ஏறக்குறைய 23 பாகை மேற்கே விழும். நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருக்கிற எங்களுக்கு அது கிட்டத்தட்ட 2,500 கிலோமீற்றர். துருவத்தை நடுவில் வைத்த ஒரு உலகப்படம், அதன்மேல் பாதை கீறிய கண்ணாடித்தாள். தாளைச் சுழற்றிச் சுழற்றியே அடுத்த வருகையைக் கண்டுபிடித்தார்கள். கணினி பிறகுதான் வந்தது.

இந்த வரலாற்றில் எங்களுக்கு மிகவும் பிடித்தது ஒஸ்கார்-7. 1974இல் ஏவினார்கள், 1981இல் பெற்றரி பழுதாகிச் செத்துப்போனது. 21 வருடம் கழித்து, 2002இல், யாரும் தொடாமலேயே திரும்பவும் பேசத் தொடங்கியது. பெற்றரி வேலைசெய்யாது, சூரிய ஒளி படும்போது மட்டும் உயிர் வரும். பெற்றரி தடைசெய்யப்பட்ட தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட தலைமுறைக்கு இந்தச் செய்மதியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

இப்போது அம்மம்மாவின் கதைக்கு வருவோம். 1996 மே மாதம், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு நகர்த்தியது. ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தது. அதன்பிறகு 2006 ஏப்ரல் வரை இலங்கை நேரம் உலகப் பொதுநேரத்திலிருந்து 6 மணித்தியாலம். விடுதலைப் புலிகள் இதை ஏற்கவில்லை, அவர்களின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய ஐந்தரைதான். சமாதான காலத்தில் திருமலை நகரம் அரசிடமும், கொட்டியாரக்குடாவுக்கு அங்கால் சம்பூர்ப் பக்கம் புலிகளிடமும் இருந்தது. கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற தூரம். இடையில் அரை மணித்தியாலம்.

2005 மே 5இல் இந்தியா ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹம்சற் செய்மதியை ஏவியது. தெற்காசிய அமெச்சூர்களுக்கு அது பெரிய கொடை. 2014வரை உழைத்தது. அது பொதுநேரம் 04.50க்கு எங்களுக்கு மேலால் போனதென்று வையுங்கள். நகரத்துச் சுவரில் 10.50, சம்பூர்ச் சுவரில் 10.20. செய்மதி ஒன்று, வானம் ஒன்று. செய்மதியின் பாதையும் நாங்கள் நிற்கும் இடமும் தெரிந்தாலும், வருகையைச் சொல்ல நேரம் வேண்டும். எங்கள் மண் உடன்படாமல் இருந்தது அதில்தான்.

எங்கள் வரலாற்றுப் புத்தகங்களில் போர் திகதிகளாக இருக்கிறது. பத்து மணிக்கு பஸ் என்றால் எந்தப் பத்து மணி என்று கேட்கவேண்டி இருந்ததை அவை சொல்வதில்லை. ஒரு சின்னக் கணக்குப் பிழை அதை எங்களுக்குச் சொல்லித் தந்தது.

2019 ஜூனில் இலங்கையின் முதல் ஆய்வுச் செய்மதி, இரண்டு இலங்கை இளைஞர்கள் ஜப்பானில் படித்துக்கொண்டு செய்த 'ராவணா-1', விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்டது. 10 சென்ரிமீற்றர்ப் பெட்டி. கோணேசர் மலையில் இராவணன் வெட்டைப் பார்த்து வளர்ந்த நாங்கள் அந்தப் பெயரைச் செய்தியில் வாசித்ததோடு சரி. எங்கள் ஊருக்கு மேலால் அது எத்தனையோ தரம் போயிருக்கும். ஒருதரமும் நாங்கள் கணக்குப் போட்டுக் காத்திருக்கவில்லை. 2021இல் எரிந்துபோனது.

அன்று பின்னேரம் நாங்கள் திரும்பவும் டச்பேக்குப் போனோம். 6.42. வரும்போது 437.810, உச்சியில் 437.800, போகும்போது 437.790 என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினோம். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. இந்தியாவுக்குரிய 'வி.யு.'வில் தொடங்கும் அழைப்புக்குறியை இரண்டு தரம் சொன்னது. எங்களிடம் உரிமம் இல்லை, பதில் சொல்ல ஏலாது. பரீட்சை எழுதி எடுக்கவேண்டும், எடுப்போம்.

பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அடுத்தது எப்போது என்று ஒருவன் கேட்டான். மற்றவள் சொன்னாள்: "எட்டேகால் போல. எங்கட நேரம்."