வியூ கேமராவில் கூர்மை காணும் முறைகள்

வியூ கேமராவில் படம் எங்கே கூர்மையாக விழுகிறது என்பதைக் காட்டுவது பின்புறத்திலுள்ள மங்கல் கண்ணாடி. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் பார்த்தால் காட்சி அதில் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும். உருப்பெருக்கியைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து, லென்ஸையும் கண்ணாடியையும் இணைக்கும் துருத்தியை நீட்டிச் சுருக்கித் தெளிவு கண்டதும், கண்ணாடி இருந்த அதே தளத்தில் பிலிம் வரும்படி அதன் தாங்கியைச் செருகுவர். இரண்டின் தளமும் சற்றே பிசகினாலும் கண்ணில் கண்ட கூர்மை படத்தில் வராது.

1839இல் வெளிவந்த டாகேரின் கேமராவில் துருத்தி இல்லை. ஒரு மரப்பெட்டிக்குள் இன்னொன்று நகர்ந்தது. அக்காலத்து லென்ஸ் பலவற்றில் வேறொரு தொல்லையும் இருந்தது. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் மஞ்சள் ஒளி ஓரிடத்திலும், தகட்டில் படத்தைப் பதியச் செய்யும் நீல ஒளி வேறோரிடத்திலும் குவிந்தன. கண்ணாடியில் துல்லியமாக இருந்தது தகட்டில் கலங்கியது. லண்டனில் ஸ்டுடியோ நடத்திய அந்துவான் குளோதே 1840களில் இதை ஆராய்ந்தார். நிற வேறுபாட்டைத் திருத்திய லென்ஸ்கள் பரவியபின் இத்தொல்லை ஓய்ந்தது.

வியூ கேமராவின் பெரிய பிலிமுக்கு நீண்ட குவியத்தூர லென்ஸ் வேண்டும்; அதனால் கூர்மையின் ஆழம் குறைகிறது. லென்ஸின் துளையைச் சுருக்குவது ஒரு வழி. 1932இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலியோர் அமைத்த குழு, எஃப் 64 என்ற சிறு துளையையே பெயராகக் கொண்டது. ஆனால் துளை மிகச் சிறுத்தால் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுவதும் மென்மையாகிவிடும்.

இதைவிட நுட்பமான வழி, லென்ஸைச் சாய்த்துக் கூர்மைத் தளத்தையே சாய்ப்பது. பிரான்சின் ஜூல் கார்பாந்தியே 1901இல் இவ்வகைச் சாய்வைக் காப்புரிமையில் விளக்கினார். வான்படங்களைத் திருத்தி நிலப்படம் வரைய முயன்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ப்ஃபிளக், 1904இல் அதை வளர்த்தெடுத்தார். லென்ஸ் தளம், பிலிம் தளம், கூர்மைத் தளம் மூன்றும் ஒரே கோட்டில் சந்திக்கும் என்பதே அவர் பெயரால் வழங்கும் விதி.

நடைமுறையில் தொலைவுப் புள்ளியைத் துருத்தியாலும் அண்மைப் புள்ளியை லென்ஸின் சாய்வாலும் மாறிமாறித் திருத்துவர். சில சுற்றுகளில் இரண்டும் தெளியும். தேவையான சாய்வைக் கணக்கிட்டே வைக்கும் வழியை ஹரால்டு மெர்க்லிங்கர் 1993இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் 150 மி.மீ. லென்ஸ் இருந்தால், அதன் ஏறக்குறைய 6 பாகை சாய்வே தரை முழுவதையும் கூர்மைக்குள் கொண்டுவரும். ஆனால் அந்தக் கூர்மைப் பகுதி ஆப்பு வடிவானது. கேமராவுக்கு அருகே மெலிந்திருக்கும். அங்கே உயர்ந்து நிற்கும் செடியின் நுனி மங்கும். அதற்குத் துளையையும் சுருக்கியாக வேண்டும்.