நவீன நிலைப்பொருள் ஓவியத்தில் இறப்புக் குறியீடுகள்

நவீன நிலைப்பொருள் ஓவியத்தில் இறப்புக் குறியீடுகள் என்பவை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் வரையப்பட்ட நிலைப்பொருள் ஓவியங்களில் வாழ்வின் நிலையாமையைச் சுட்டும் பொருட்கள் ஆகும். மண்டையோடு, மெழுகுவர்த்தி, விலங்கெலும்பு ஆகியன இவற்றுள் முதன்மையானவை. பழம், மலர், பாத்திரம் போன்ற அசைவற்ற பொருட்களை அடுக்கி வைத்து வரையும் ஓவியம் நிலைப்பொருள் ஓவியம் எனப்படும். இவ்வகையின் பிரெஞ்சுப் பெயருக்கு "இறந்த இயற்கை" என்பது நேர்ப்பொருளாகும்.

பின்னணி

17ஆம் நூற்றாண்டு நெதர்லாந்தில், குறிப்பாக லைடன் நகரில், வனிட்டாஸ் என்னும் ஓவிய வகை செழித்திருந்தது. இந்த இலத்தீன் சொல்லுக்கு வெறுமை, வீண் என்பது பொருள். விவிலியத்தின் சபை உரையாளர் நூலிலிருந்து இப்பெயர் பெறப்பட்டது. இவ்வோவியங்களில் பொருட்களின் உட்பொருள் பெரும்பாலும் மரபாக அமைந்திருந்தது:

* மண்டையோடு - தவிர்க்க இயலாத இறப்பு
* மணற்கடிகாரம் - கழியும் காலம்
* அணைந்த மெழுகுவர்த்தி - முடிந்த வாழ்வு
* நூல், இசைக்கருவி, நாணயம் - நிலைக்காத அறிவு, இன்பம், செல்வம்

நவீன ஓவியர்கள் இப்பொருட்களை ஏற்றுக்கொண்டனர். அவற்றோடு வந்த சமய அறவுரையைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர்.

முக்கிய ஓவியர்கள்

வின்சென்ட் வான் கோ: போதகராக இருந்த இவரது தந்தை 1885 மார்ச்சில் இறந்தார். அவ்வாண்டு அக்டோபரில் வான் கோ வரைந்த ஓவியத்தில் பெரிய விவிலியம் ஒன்று திறந்து கிடக்கிறது. அருகில் அணைந்த மெழுகுவர்த்தியும், முன்னால் எமில் சோலாவின் "வாழ்வின் மகிழ்ச்சி" என்ற புதினமும் உள்ளன. இது தந்தை, மகன் ஆகியோரின் இருவேறு உலகங்களைக் காட்டுவதாகக் கருதப்படுகிறது.

பால் செசான்: தாய் 1897இல் இறந்தார். தம் இறுதி ஆண்டுகளில் செசான் மண்டையோடுகளை மீண்டும் மீண்டும் வரைந்தார். 1900ஐ ஒட்டி வரையப்பட்ட "மண்டையோடுகளின் பிரமிடு" ஓவியத்தில் நான்கு மண்டையோடுகள் பார்ப்பவருக்கு மிக அருகில் குவிக்கப்பட்டுள்ளன. மணற்கடிகாரம், மெழுகுவர்த்தி முதலிய பழைய துணைப்பொருட்கள் எவையும் இதில் இல்லை.

பாப்லோ பிக்காசோ: நண்பரும் சிற்பியுமான ஹூலியோ கொன்சாலசு 1942 மார்ச்சில் இறந்தபின், காளையின் மண்டையோட்டைச் சன்னல் முன் வைத்த ஓவியத்தைப் பிக்காசோ வரைந்தார். அப்போது பாரிசு செருமனியின் பிடியில் இருந்தது. 1945இல் வரைந்த மற்றொரு ஓவியத்தில் மண்டையோட்டுடன் லீக் எனும் வெங்காய இனக் கீரைத்தண்டுகள் உள்ளன. மண்டையோட்டுச் சின்னத்தில் வரும் குறுக்கெலும்புகளின் இடத்தை இங்குச் சமையலறைக் காய்கறி பெறுகிறது.

பிற்காலத்தில் ஆன்டி வார்ஹோல் 1976இல் மண்டையோட்டு வரிசையை உருவாக்கினார். 1968இல் இவர் சுடப்பட்டு உயிர் பிழைத்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. கெர்ஹார்டு ரிக்டர் 1982-83 காலத்தில் எரியும் மெழுகுவர்த்திகளையும் மண்டையோடுகளையும் ஒளிப்படங்களைக் கொண்டு வரைந்தார்.

கருத்து வேறுபாடுகள்

மண்டையோடு எப்போதும் இறப்பையே குறிக்கிறதா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப், நியூ மெக்சிகோவில் திரட்டிய விலங்கெலும்புகளை 1930களில் வரைந்தார். அவை தமக்கு இறப்பின் சின்னங்கள் அல்ல, பாலைநிலத்தின் உயிர்ப்பைக் காட்டுபவை என்பதே அவரது நிலைப்பாடு.

செசானின் மண்டையோடுகளை ஆப்பிள்களைப் போன்ற உருண்டை வடிவங்களாக மட்டும் காண்போர் உள்ளனர். தாயின் மறைவு, முதுமை, நீரிழிவு நோய் ஆகியவற்றோடு அவற்றை இணைப்போரும் உள்ளனர். இவ்விரு விளக்கங்களும் முரண்பட வேண்டியதில்லை. பழத்தை வரைந்த அதே கவனத்துடன் மண்டையோட்டையும் வரைந்ததால், இறப்பு அறவுரையாக அன்றி, மேசைமேல் உள்ள மற்றுமொரு பொருளாகவே அங்கு இடம்பெறுகிறது. வனிட்டாஸ் மரபிலிருந்து நவீன ஓவியம் வேறுபடும் முக்கிய இடம் இதுவாகும்.

இவற்றையும் பார்க்க

* வனிட்டாஸ்
* பால் செசான்
* கியூபிசம்