கைக்குட்டையில் பிறந்த நிறம்

பெரிய பல்கலைக்கழகங்கள் எல்லாம் இப்போது நிறத்துக்கென்றே கையேடு போட்டு வைத்திருக்கின்றன. சிவப்பு என்றால் எந்தச் சிவப்பு, அதன் பக்கத்தில் எந்தச் சாம்பல் வரலாம் என்று பக்கம் பக்கமாக விதிகள். இதெல்லாம் விளம்பரக் கம்பெனிக்காரர்கள் கிளப்பிவிட்ட சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் நிறைய. ஹார்வர்டின் கதை வேறு மாதிரி சொல்கிறது.

1858 ஜூனில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு படகுப் போட்டி. ஹார்வர்ட் அணிக்குத் தனி உடை கிடையாது. கரையில் நிற்பவர்களுக்கு எது நம்ம படகு என்று தெரிய வேண்டுமே! துடுப்புப் போட்டவர்களில் இருவர், சார்லஸ் எலியட்டும் பெஞ்சமின் கிரவுனின்ஷீல்டும், சிவப்புப் பட்டுக் கைக்குட்டைகளை வாங்கி வந்து அணிக்குக் கொடுத்தார்கள். எலியட்டுக்கு அப்போது வயது 24. பின்னாளில், 1869 முதல் 1909 வரை, அவர்தான் ஹார்வர்டின் தலைவர்.

இந்த இடத்தில் வேதியியல் குறுக்கே வந்தது. 1856-ல் இங்கிலாந்தில் 18 வயது வில்லியம் பெர்கின், மலேரியாவுக்கான குயினைனைச் செய்யப் போய், தற்செயலாக ஊதா நிறச் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அதைப் பார்த்துப் பலரும் இறங்க, 1859-ல் பிரான்சில் வெர்கான் என்பவர் பளிச்சென்ற ஒரு செஞ்சாயத்தைத் தயாரித்தார். அதே வருஷம் இத்தாலியில் மெஜந்தா என்ற ஊரில் நடந்த போரின் பெயர் அந்தச் சாயத்துக்கு ஒட்டிக்கொண்டது. புது நிறம், புது மோகம்.

ஹார்வர்டிலும் மெஜந்தா நுழைந்துவிட்டது. 1873-ல் மாணவர்கள் தொடங்கிய பத்திரிகைக்குப் பெயரே 'மெஜந்தா'தான். நம்ம நிறம் பழைய கிரிம்சனா, புது மெஜந்தாவா? 1875 மே மாதம் மாணவர்கள் கூடி ஓட்டுப் போட்டார்கள். கிரிம்சன் ஜெயித்தது. பத்திரிகையும் 'கிரிம்சன்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. இன்றும் அதே பெயர்தான். நிர்வாகம் அந்த நிறத்தை அதிகாரபூர்வமாக ஏற்றதோ 1910-ல். நடுவில் 35 வருஷம்!

பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதுமா? கேம்பிரிட்ஜைப் பாருங்கள். 1836 படகுப் போட்டியில் அவர்கள் கட்டியது வெளிர்நீல ரிப்பன். இன்று 'கேம்பிரிட்ஜ் நீலம்' என்று சொல்வதில் பச்சைதான் தூக்கலாகத் தெரியும். ஆளுக்கு ஆள், சாயத்துக்குச் சாயம் நிறம் நகர்ந்துகொண்டே போகும். அதனால்தான் 1963-ல் பான்டோன் நிறுவனம் நிறங்களுக்கு எண் கொடுத்தபோது அச்சுத் தொழிலே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. 'கரு நீலம்' என்றால் பத்து அச்சகத்தில் பத்து நீலம் வரும். 'பான்டோன் 282' என்றால் ஆக்ஸ்போர்டின் நீலம் மட்டும்தான் வரும். கணினித் திரைக்கு வேறு கணக்கு. அங்கே மை இல்லை, ஒளிதான். ஹார்வர்ட் கிரிம்சனுக்குச் சிவப்பு 165, பச்சை 28, நீலம் 48.

என் தொழில் பாஷையில் சொன்னால் இது மாதிரிக் கையெழுத்து. வாடிக்கையாளர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், காசோலை வந்தால் பதிவில் இருக்கும் கையெழுத்தோடு ஒப்பிட்டுத்தான் பணம் கொடுப்போம். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருப்பதில்தான் நம்பிக்கை பிறக்கிறது.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். மாதிரிக் கையெழுத்தை நாங்கள் வெளியே காட்டுவதில்லை. பல்கலைக்கழகத்தின் நிற எண்களோ ஊருக்கே தெரியும். எவன் வேண்டுமானாலும் அதே சிவப்பில் இணையதளம் கட்டலாம், அதே நீலத்தில் சேர்க்கைக் கடிதம் அடிக்கலாம். வெளியூரில் இருக்கும் நம் குடும்பங்கள் பல நேரம் கல்லூரியை நேரில் பார்க்காமல், திரையில் பார்த்தே பிள்ளைகளுக்குப் பணம் கட்டுகின்றன. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யு.ஜி.சி. தன் தளத்திலேயே வெளியிடுகிறது. பணம் அனுப்பும் முன் ஐந்து நிமிஷம் ஒதுக்கி அதைப் பார்த்துவிடுங்கள்.

கைக்குட்டை கரையில் நின்றவர்களுக்கு எது தங்கள் படகு என்று காட்டியது. படகில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது ஏறுகிறவர் வேலை.