குச்சி மிட்டாய்ச் சட்டம்

இங்கிலாந்தில் பள்ளிக்கூட நேரத்தில் சாலையோரம் ஒருவர் நிற்பார். தொப்பி, நீளமான மேல்கோட்டு, கையில் ஆள் உயரத்துக்கு ஒரு கழி, கழியின் நுனியில் வட்டமான ஒரு பலகை. நாலு பிள்ளைகள் சேர்ந்ததும் நடுச்சாலைக்கு வந்து பலகையைக் காட்டுவார். லாரியானாலும் சரி, மந்திரியின் காரானாலும் சரி, நின்றுதான் ஆகவேண்டும். ஆண் என்றால் ‘லாலிபாப் மேன்’, பெண் என்றால் ‘லாலிபாப் லேடி’. நம் ஊர்ப் பெட்டிக்கடைக் கண்ணாடிப் புட்டியில் இருக்குமே குச்சி மிட்டாய், அதுதான் லாலிபாப். சர்க்கார் காகிதங்களில் இந்த உத்தியோகத்துக்கு வேறு பெயர். அதை யாரும் சொல்வதில்லை.

இவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது மோட்டார் வண்டிதான். 1934-ம் வருஷம் ஒன்றில் மட்டும் பிரிட்டனின் சாலைகளில் 7,343 பேர் செத்தார்கள். நாற்பது லட்சத்துக்கும் குறைவான வண்டிகள் ஓடிய காலத்துக் கணக்கு இது. இன்றோ நாலு கோடிக்கு மேல் ஓடுகின்றன. 2023-ல் இறந்தவர்கள் 1,624 பேர். இந்த இறக்கத்தைப் பற்றிப் பின்னால் ஒரு வார்த்தை சொல்லவேண்டும்.

1937-ல் பாத் நகரத்தில் மேரி ஹண்ட் என்ற பெண்மணி இந்த வேலைக்கு வந்தார். அவர்தான் முதல்வர் என்று சொல்கிறார்கள். அவரைப்போல் நின்றவர்களுக்கு அப்போது ஒரு பெரிய குறை உண்டு. போலீஸ்காரர் கை காட்டினால் வண்டி நிற்கவேண்டும்; இவர்கள் கை காட்டினால் நிற்பது வண்டிக்காரரின் தயவு. அந்தக் குறையைத் தீர்க்க 1953-ல் பார்லிமெண்ட் தனியாக ஒரு சட்டமே போட்டது. 1954 ஜூலையில் அது அமலுக்கு வந்தது. சீருடையும் பலகையும் இருந்தால் போதும், வண்டி நிற்கவேண்டும். பலகையை இறக்குகிற வரையில் நகரக்கூடாது. மீறினால் அபராதம்.

சட்டம் என்றால் அதில் ஒரு வேடிக்கையும் இருக்குமல்லவா? அந்த அதிகாரம் காலை 8 மணி முதல் மாலை 5.30 வரையில்தான், அதுவும் பள்ளிக்கூடம் போகிற, வருகிற பிள்ளைகளுக்கு மட்டுந்தான். தடி ஊன்றிய பாட்டி ஒருத்திக்காகப் பலகையைத் தூக்கினால் சட்டம் துணைக்கு வராது. 2000-ல் நிறைவேறிய போக்குவரத்துச் சட்டம்தான் பாட்டிக்கும் வழி விட்டது.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறொரு சங்கதி. ஆள் போடுவதற்கு ஸ்தல ஸ்தாபனங்கள் ஏற்பாடு செய்ய ‘வேண்டும்’ என்று சட்டத்தில் இல்லை. ‘செய்யலாம்’ என்றுதான் இருக்கிறது. வண்டிக்காரருக்கு ‘வேண்டும்’, நகரசபைக்கு ‘லாம்’! பிள்ளை பத்திரமாகப் பள்ளிக்கூடம் போய்ச் சேருவது பெற்றோர் பொறுப்பு என்று சொல்லிவிடுகிறார்கள்.

எந்த இடத்துக்கு ஆள் போடலாம் என்று முடிவு செய்ய ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நெரிசலான அரைமணி நேரத்தில் சாலையைத் தாண்டும் பிள்ளைகள் எத்தனை, ஓடும் வண்டிகள் எத்தனை என்று எண்ணுவது. வண்டித் தொகையை அதே தொகையால் பெருக்கி, அதைப் பிள்ளைகளின் தொகையால் பெருக்கவேண்டும். 40 லட்சத்தைத் தாண்டினால் அந்த இடம் ஆள் போடத் தகுந்தது. 300 வண்டி, 45 பிள்ளைகள் என்றால் 40,50,000, தேறிவிட்டது. எண்ண வந்த அன்றைக்கு ஒரு பிள்ளை ஜுரத்தில் படுத்துவிட்டால் 39,60,000, தேறவில்லை. சாலை வளைவு, பார்வை மறைப்பு இவற்றுக்காகக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வழியுண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கணக்கில், தாண்டுகிற பிள்ளையைத்தான் எண்ணுகிறார்கள். தாண்டப் பயந்து நின்றுவிட்ட பிள்ளையை யார் எண்ணுவது? மேயர் ஹில்மன் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய நண்பர்களும் 1990-ல் ஒரு தகவலை வெளியிட்டார்கள். இங்கிலாந்தில் 1971-ல் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 80 பேர் தாமாகவே பள்ளிக்கூடம் போனார்கள். 1990-ல் 9 பேர்தான். ஏன் தனியே அனுப்பவில்லை என்று கேட்டதற்குப் பெற்றோர்கள் முக்கியமாகச் சொன்ன காரணம் வண்டிகள்! சாவு குறைந்ததற்கு நல்ல சாலையும் நல்ல வைத்தியமும் காரணமாயிருக்கலாம். பிள்ளைகளைத் தெருவிலிருந்து அப்புறப்படுத்தியதும் ஒரு காரணம்தான். சாலை எவ்வளவு பயங்கரமோ அவ்வளவுக்கு நடப்பவர் குறைவார்கள். ஒருவருமே நடக்காத சாலையில், வண்டிகளை எத்தனை தடவை பெருக்கினால் என்ன? பூஜ்யத்தோடு பெருக்கினால் பூஜ்யம். ஆள் தேவையில்லை.

2010-க்குப் பிறகு லண்டன் சர்க்கார் ஊராட்சிகளுக்குக் கொடுக்கும் மானியத்தை வெட்டியபோது, அந்த ‘லாம்’ தன் குணத்தைக் காட்டியது. கட்டாயமான செலவில் கை வைக்க முடியாது, இதில் வைக்கலாம். பல ஊர்களில், முதிய வயதில் விலகிப்போன லாலிபாப் அம்மாளின் இடத்துக்கு வேறு ஆள் வரவில்லை. சில இடங்களில் பள்ளிக்கூடமே தன் பணத்திலிருந்து அவருடைய சம்பளத்தைக் கட்டுகிறது.