ஊசி குத்திடுச்சா? மறைக்காதீங்க... முதல் 2 மணி நேரம் ரொம்ப முக்கியம்!

நைட் டியூட்டி. அதிகாலை 3 மணி. வார்டு நிறைய நோயாளிகள், இரண்டே நர்ஸ்கள். ரத்தம் எடுத்த ஊசிக்கு மூடி போடும்போது, 'சுருக்'குன்னு விரலில் ஒரு குத்து. கையுறையைக் கழற்றினால் பொட்டு மாதிரி ஒரு துளி ரத்தம்.

அந்த நொடியில் பலரும் செய்யும் முதல் காரியம், யாராவது பார்த்துட்டாங்களான்னு சுத்திப் பார்ப்பதுதான். அப்புறம் ஸ்பிரிட் பஞ்சை வெச்சு அழுத்திட்டு, அடுத்த பெட்டுக்குப் போயிடுவாங்க. 'உன் கவனக்குறைவுதான்னு திட்டு விழும்', 'ஹெச்.ஐ.வி டெஸ்ட் எடுத்தா வெளியே தெரிஞ்சிடும்', 'வீட்டுல என்ன சொல்றது?' என்று அதற்குப் பின்னால் ஏகப்பட்ட பயங்கள்.

கொரோனா காலத்தில் மருத்துவப் பணியாளர்களுக்காகக் கை தட்டினோம். ஆனால், பெருந்தொற்று எதுவும் இல்லாத சாதாரண நாள்களிலும் அவர்கள் கூடவே இருக்கும் ஆபத்து இந்த ஊசிக்குத்து. உலகெங்கும் உள்ள சுமார் 3.5 கோடி மருத்துவப் பணியாளர்களில், ஆண்டுக்கு 30 லட்சம் பேர் இப்படி ஊசி அல்லது கூர்மையான கருவிகளால் ரத்தவழித் தொற்று அபாயத்துக்கு ஆளாவதாக உலக சுகாதார நிறுவனம் 2002-ல் மதிப்பிட்டது.

ஊசியைவிட அதை மறைப்பதுதான் பெரிய ஆபத்து. ஏன்னு பார்ப்போம்.

எந்த நோய்க்கு எவ்வளவு ரிஸ்க்?

ஊசி குத்தியதும் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது ஹெச்.ஐ.விதான். ஆனால், ஹெச்.ஐ.வி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்று வரும் வாய்ப்பு, ஆயிரத்தில் சுமார் 3 பேருக்குத்தான். ஹெபடைட்டிஸ் சி-க்கு 100-ல் 2 பேருக்கும் குறைவு.

உண்மையில் அதிகம் கவலைப்பட வேண்டியது ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்கு. தடுப்பூசி போடாதவராக இருந்தால், தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி மூலம் 100-ல் 6 முதல் 30 பேர் வரை பாதிக்கப்படலாம். உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட இந்த வைரஸ் 7 நாள்கள் வரை தாக்குப்பிடிக்கும். நல்ல செய்தி என்னன்னா, மூன்றில் தடுப்பூசி இருப்பதும் இதற்குத்தான்.

குத்தியதும் என்ன செய்யணும்?

* பதறாம, கையுறையைக் கழற்றிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்க.
* காயத்தைப் பிதுக்கி ரத்தத்தை வெளியேற்றாதீங்க. சின்ன வயசுப் பழக்கத்தில் விரலை வாயில் வைக்கவே வைக்காதீங்க.
* ஸ்பிரிட், டெட்டால், பிளீச்சிங் பவுடர் எதுவும் காயத்தில் வேண்டாம். அவை தோலை இன்னும் புண்ணாக்கும்.
* கண்ணில் ரத்தம் தெறித்தால், சுத்தமான தண்ணீரால் நன்றாகக் கழுவுங்க. சோப்பு கூடாது.
* உடனே டியூட்டி டாக்டரிடமோ, தொற்றுத் தடுப்புப் பொறுப்பில் இருப்பவரிடமோ சொல்லுங்க. நேரத்தோடு பதிவு செய்யச் சொல்லுங்க.

கடைசியில் இருக்கும் பாயின்ட்டில்தான் பலரும் சறுக்குறாங்க.

ஏன் 2 மணி நேரம்?

ஹெச்.ஐ.வி வராமல் தடுக்க 'பெப்' எனப்படும் கூட்டு மருந்து இருக்கிறது. முதல் டோஸை 2 மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது. அதிகபட்சம் 72 மணி நேரம். அதற்குப் பிறகு ஆரம்பித்துப் பெரிய பலன் இல்லை. டெஸ்ட் ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். முதல் டோஸைப் போட்டுட்டு மற்றதைப் பார்க்கலாம். மருந்து தேவைதான் என்று டாக்டர் முடிவு செய்தால், 28 நாள்கள் விடாமல் சாப்பிடணும். அரசு ஏ.ஆர்.டி மையங்களில் இதற்கான வழிகாட்டுதல் கிடைக்கும்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடாதவர்களுக்கு, தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் ஊசியையும் சீக்கிரமாகப் போடுவார்கள், முடிந்தால் 24 மணி நேரத்துக்குள். ஹெபடைட்டிஸ் சி-க்கு முன்கூட்டியே தடுக்கும் மருந்து கிடையாது. ஆனால், தொடர் பரிசோதனையில் தொற்றைக் கண்டுபிடித்துவிட்டால், பெரும்பாலானவர்களை மாத்திரைகளாலேயே குணப்படுத்திவிடலாம்.

எல்லாப் பாதுகாப்புக்கும் கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கு. மறைத்து வைத்த ஒவ்வொரு மணி நேரமும் கைவிட்டுப் போன வாய்ப்பு.

குத்துவது ஒருவர், வலி இன்னொருவருக்கு

ஊசியைக் கையில் எடுக்காமலே ஊசிக்குத்து வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தூய்மைப் பணியாளர்கள். அவசரத்தில் பஞ்சோடு பஞ்சாக யாரோ வீசிய ஊசி, குப்பைப் பையைத் தூக்கும்போது அவர்கள் கையிலோ, காலிலோ ஏறும். அது எந்த நோயாளிக்குப் போட்ட ஊசி என்றுகூடத் தெரியாது. ஒப்பந்தத் தொழிலாளி என்றால், 'சொன்னா வேலை போயிடுமோ' என்ற பயம் வேறு.

மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-ன்படி, ஊசி, பிளேடு போன்றவை துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில்தான் போகணும். கழிவுகளைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவதும், ஆண்டுக்கு ஒருமுறையாவது உடல் பரிசோதனை செய்வதும் மருத்துவமனையின் கடமை. டாக்டருக்கு மட்டுமல்ல, பக்கெட் தூக்கும் அக்காவுக்கும் இது பொருந்தும்.

இன்னிக்கே செய்ய வேண்டியவை

நர்ஸிங், மெடிக்கல், லேப் டெக்னீஷியன் படிக்கிறவங்களா நீங்க? வார்டுக்குள் கால் வைக்கும் முன்பே ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை முடிச்சிடுங்க. வழக்கமாக 0, 1, 6-வது மாதங்களில் மூன்று டோஸ். கடைசி டோஸ் போட்டு ஒன்றிரண்டு மாதங்கள் கழித்து, உடலில் எதிர்ப்பு சக்தி வந்திருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கணும். அளவு 10-க்கு மேல் இருந்தால் நிம்மதி.

பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீங்க. போட்டவரே உடனே வெள்ளை டப்பாவில் போட்டுடணும். 'அப்புறம் எடுத்துக்கலாம்' என்று டிரேயில் விட்டுட்டுப் போகாதீங்க.

கூட வேலை பார்ப்பவருக்குக் குத்திட்டா, 'பார்த்துப் போடக் கூடாதா?' என்ற கேள்வியை ஓரமா வைங்க. 'கழுவிட்டியா? வா, டாக்டர்கிட்ட போலாம். உன் பெட்டை நான் பார்த்துக்கிறேன்'னு சொல்லுங்க. அதிகாலை 3 மணிக்கு அந்த ஒரு வார்த்தை, மாத்திரைக்குச் சமம்!