பரிந்து பேசும் பணி: ஈழ அகதிகளும் நீதிமன்றப் படிகளும்

கடப்பாக்கத்துக் கடலோரத்தில் ஆலம்பரைக் கோட்டையின் இடிசுவர்கள் இன்றும் நிற்கின்றன. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்ட கோட்டை அது. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால், மரக்காணத்தைக் கடந்து கீழ்ப்புத்துப்பட்டு என்னும் ஊரில் இலங்கைத் தமிழ் அகதிகளின் முகாம் ஒன்று உண்டு. கடப்பாக்கத்திலிருந்து உள்நாட்டுப் பக்கமாக வடக்கே சென்றால் செங்கற்பட்டு. அங்கே கிளைச்சிறை வளாகத்தில், 1990க்குப் பின் நெடுங்காலம், ஈழத் தமிழருக்கான "சிறப்பு முகாம்" நடந்து வந்தது. முன்னது குடும்பங்கள் வாழும் குடியிருப்பு; காலையில் வேலைக்குச் சென்று மாலையில் திரும்பலாம். பின்னதில் கதவுக்கு வெளியே காவலர் நின்றனர். இரண்டிலும் இருந்தோர் ஒரே கடலைக் கடந்து வந்தவர்கள். இவர்களுள் எவர் எங்கே வைக்கப்படுவார் என்பதைத் தீர்மானித்தது எது? அத்தீர்மானத்தை எதிர்த்து வாதாடியவர்கள் எந்தச் சட்டத்தைக் கையில் எடுத்தனர்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். அகதிகளுக்கென்று இந்தியாவில் தனிச்சட்டம் இல்லை. 1951ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையிலும், 1967ஆம் ஆண்டின் இணைப்பு உடன்படிக்கையிலும் இந்தியா ஒப்பமிடவில்லை. 2025 வரை நடைமுறையில் இருந்தது 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டமே. விசா முடிந்தபின் தங்கிவிட்ட சுற்றுலாப் பயணியும், குண்டுவீச்சுக்குத் தப்பிப் படகேறி வந்த தாயும் அச்சட்டத்தின் கண்களில் ஒரே வகையினர், இருவரும் "அயல்நாட்டார்". ஆகவே, பிறநாடுகளில் அகதிச் சட்ட வழக்குரைஞர் என்று ஒரு தனித் துறையினர் இருப்பதுபோல் நம்மிடையே இருக்க இயலவில்லை. குற்றவியல் வழக்கும் நிலத் தகராறும் நடத்திய வழக்குரைஞர்களே, நீதிப்பேராணை மனுவையும் ஆட்கொணர்வு மனுவையும் கருவிகளாகக் கொண்டு இப்பணியையும் ஆற்றினர்.

அடைக்கலப்பட்டணங்களைப் பற்றி எண்ணாகமம் 35ஆம் அதிகாரத்தில் கற்ற நம் மாணவர்களுக்கு இங்கே ஒன்றை நினைவூட்டலாம். அப்பட்டணங்கள் இஸ்ரவேலருக்கு மட்டுமன்றி அவர்கள் நடுவே தங்கிய பரதேசிக்கும் உரியவை. ("பரதேசி" என்னும் நற்சொல் இன்று தெருவில் வசைச்சொல்லாகிவிட்டது, அச்சொல்லின் வரலாற்றைத் தனியே எழுதலாம்.) யோசுவா 20ஆம் அதிகாரத்தின்படி, ஓடி வந்தவன் பட்டணத்து வாசலில் நின்று மூப்பர் கேட்கத் தன் காரியத்தைச் சொல்லவேண்டும். பின்னர் சபைக்கு முன்பாக அவன் நியாயம் விசாரிக்கப்படும். அடைக்கலம் என்பது அங்கே சோறும் கூரையும் மட்டுமன்று. ஒருவன் தன் வழக்கைச் சொல்ல, மற்றவர் அதைக் கேட்பதும் அதில் அடங்கும். தமிழகம் ஈழ அகதிகளுக்குச் சோறும் கூரையும் கொடுத்தது. அதை மறுப்பது நன்றிகேடாகும். ஆனால் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டதா? வழக்குரைஞர் பணியின் வரலாறு முழுவதும் இவ்வொரு கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

இதன் வேர் 1983க்கு முந்தியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் இலங்கை மலையகத் தமிழர் பல இலட்சம் பேர் நாடற்றவராயினர். அச்சட்டத்தை நாடாளுமன்றத்தில் எதிர்த்தவர்களுள் சா.ஜே.வே. செல்வநாயகம் ஒருவர். அவர் வழக்குரைஞர், சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர். மலையகத்தார் அவருடைய தொகுதி வாக்காளர் அல்லர் என்பதை நோக்கின் அவ்வெதிர்ப்பின் தகுதி விளங்கும். 1949இல் அவர் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்ததற்கு இச்சட்டமும் ஒரு காரணம். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டனர். எந்தத் தோட்டத் தொழிலாளியையும் நீதிமன்றத்துக்கு அழைத்து எவரும் கேட்கவில்லை. இரு அரசுகள் மனிதரை எண்ணிக்கையாகப் பங்கிட்டுக்கொண்ட கணக்கு அது.

1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின்னும், 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின்னும் படகுகள் வந்தன. 1983 ஜூலை தொடங்கி 2012 வரை வந்தோர் 3,04,269 பேர் என்பது மத்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்கு. செல்வநாயகத்தின் மகனும் வழக்குரைஞருமான எஸ்.சி. சந்திரஹாசன், 1984இல் சென்னையில் ஈழ அகதிகள் மறுவாழ்வுக் கழகத்தை நிறுவினார். மறு ஆண்டே, திம்புப் பேச்சுவார்த்தை முறிந்த 1985 ஆகஸ்டில், இந்திய அரசு அவரையே நாடுகடத்த ஆணையிட்டு அமெரிக்காவுக்கு விமானம் ஏற்றியது. தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியால் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. அகதிகளுக்காகப் பேசியவர் தாமும் ஓர் ஆணைத்தாளில் அகற்றப்படக்கூடியவராகவே இருந்தார்.

1991 மே 21இல், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையுண்டார். அதுமுதல் அகதி என்றாலே ஐயம் என்றாயிற்று. 1992 ஜனவரி 20இல் அகதிகளைத் திருப்பியனுப்பும் பணி தொடங்கியது. தாமாகவே விரும்பிச் செல்கின்றனர் என்று அரசு கூறிற்று. சம்மதப் படிவங்களோ அவர்கள் அறியாத ஆங்கிலத்தில் இருந்தன என்றும், விருப்பமின்றியே அவர்கள் அனுப்பப்படுகின்றனர் என்றும் குற்றம் சாட்டிப் பழ. நெடுமாறனும் மருத்துவர் ச. இராமதாசும் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினர். இவ்வழக்கின் நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். அகதிகள் இங்கேயே தங்க உரிமை உண்டு என்று வாதாடினால் சட்டத்தில் ஊன்ற இடமில்லை. ஆகவே வாதம் "சம்மதம்" என்னும் ஒரு சொல்லின்மேல் நின்றது. புரியாத மொழியில் இட்ட ஒப்பம் ஒப்பமாகுமா? வழக்கின் இடையே தடையாணை கிடைத்தது. இதற்கிடையில், ஐக்கிய நாடுகளின் அகதிகள் உயர் ஆணையத்தார் திரும்புவோரிடம் விசாரிக்க அரசு இசைந்திருந்தது. உலக நிறுவனமொன்று சம்மதத்தைச் சோதித்தறியும்போது அதன்மேல் தான் சென்று ஐயுறுவது முறையன்று என்று கூறி நீதிமன்றம் வழக்கை முடித்தது. 1995 மார்ச்சுக்குள் 99,469 பேர் திரும்பிச் சென்றிருந்தனர். வழக்குத் தோற்றது என்று சிலர் எழுதுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. இந்தியச் சட்டத்தில் பெயரே இல்லாத ஒரு மனிதனை, "நீ போக விரும்புகிறாயா?" என்று மூன்றாமவர் ஒருவர் கேட்டே ஆகவேண்டும் என்னும் நிலை, நீதிமன்றத்தின் பார்வையில் உறுதிப்பட்டது. அக்கேள்வி எவ்வளவு ஆழமாகக் கேட்கப்பட்டது என்பது வேறு.

செங்கற்பட்டுச் சிறப்பு முகாமின் கதை இதனினும் கசப்பானது. அயல்நாட்டார் சட்டத்தின் 3(2)(உ) பிரிவின்படி, ஓர் அயல்நாட்டான் குறிப்பிட்ட இடத்தில் தங்கவேண்டும் என்று அரசு ஆணையிடலாம். அவ்வாணையைக் கொண்டே, குற்ற வழக்கில் பிணை பெற்றவரையும், தண்டனை முடிந்து வெளிவந்தவரையும் முகாமில் வைத்தனர். வழக்குரைஞர்கள் ஆட்கொணர்வு மனுக்களைத் தாக்கல் செய்தனர். இது சிறைவைப்பன்று, தங்குமிடக் கட்டுப்பாடே என்று அரசு பதிலுரைத்தது. அவ்விளக்கத்தை உயர்நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் ஏற்றுக்கொண்டது. சிறை என்று ஒப்புக்கொண்டால் காலவரம்பு, மறுஆய்வுக் குழு, காரணம் கூறுதல் ஆகியவை யாவும் வந்துவிடும். "தங்குமிடம்" என்றால் ஒன்றும் வேண்டியதில்லை. எனவே உள்ளிருந்தோர்க்கு உண்ணாநிலைப் போராட்டமே மனுவாயிற்று. அரசின் அச்சம் வெறுங்கற்பனை என்று கூறிவிட முடியாது. 1995 ஆகஸ்டில் வேலூர்க் கோட்டைச் சிறப்பு முகாமிலிருந்து 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினர். எனினும் ஒரு சிலர்மேல் உள்ள அச்சம், ஆணைத்தாளில் பெயரெழுதப்பட்ட ஒவ்வொருவரையும் கேளாமல் அடைத்துவைக்கப் போதிய நியாயமாகாது.

சட்டம் உள்ள நாட்டில் நிலைமை எவ்வாறு இருந்தது என்பதையும் பார்த்துவிடுவோம். 1987இல் பிரிட்டனில் அடைக்கலம் கோரிய தமிழர் ஐவரின் மனுக்கள் மறுக்கப்பட்டன. அச்சம் மனத்தில் இருந்தால் மட்டும் போதாது, புறச்சான்றுகளாலும் அது நியாயமென நிற்க வேண்டும் என்று அவ்வாண்டு டிசம்பரில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 1988 பிப்ரவரியில் அவர்கள் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். வழக்குரைஞர்கள் அத்துடன் விட்டுவிடாமல், கட்சிக்காரர் கடலுக்கப்பால் இருக்கும்போதே மேல்முறையீட்டை நடத்தினர். 1989இல் மேல்முறையீட்டு அலுவலர் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்ல, ஐவரும் பிரிட்டனுக்குத் திரும்பினர். (1991இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரிட்டன் தவறு செய்யவில்லை என்றே முடிவு கூறியது என்பதையும் மறைக்கலாகாது.) அங்கே தாமதமாகவேனும் கேட்பதற்கு ஒரு மன்றம் இருந்தது.

நம் நாட்டில் அம்மன்றத்தின் இடத்தை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு சிறிது சிறிதாக நிரப்பியது. அருணாசலப் பிரதேசத்துச் சக்மா மக்களின் வழக்கில், குடிமகனாயினும் அல்லனாயினும் ஒவ்வொரு மனிதனின் உயிரையும் காக்கும் கடமை அரசுக்கு உண்டு என்று 1996 ஜனவரியில் உச்சநீதிமன்றம் கூறியது. 2019 ஜூனில், திருச்சி கொட்டப்பட்டு உள்ளிட்ட முகாம்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழர் 65 பேரின் வழக்கு மதுரைக் கிளையில் முடிவுற்றது. உரிய ஆவணமின்றி வந்ததால் இவர்கள் "சட்டவிரோதக் குடியேறிகள்" என்றது மத்திய அரசு. நீண்ட காலம் நாடற்றவராக முகாமில் வைத்திருப்பது 21ஆம் உறுப்புக்கு மாறானது என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் கூறி, அவர்களுடைய விண்ணப்பங்களைப் பரிசீலிக்கப் பணித்தார். 1948இலும் 1964இலும் எண்ணிக்கையாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மனுதாரர்களாக எண்ணப்பட்டனர்.

எனினும் அவ்வாண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. 2025 மே மாதத்தில், தண்டனை முடித்த ஈழத் தமிழர் ஒருவரின் மனுவைத் தள்ளுபடி செய்கையில், இந்தியா ஒரு தர்மசாலை அன்று என உச்சநீதிமன்றத்தில் கூறப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் புதிய குடிவரவு, அயல்நாட்டார் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா தொடர்பான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. விலக்கு உரிமையாகாது, ஆயினும் வழக்குரைஞர் கையில் அதுவும் ஒரு தாள்.

தாள் என்றதும் சபை ஊழியர்க்கு நேரே பொருந்தும் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாவராயினும், பிறப்பால் குடிமக்கள். அதற்குப் பின் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராயிருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பின் மற்றவரும் சட்டவிரோதக் குடியேறியாக இருத்தலாகாது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த பெண்ணொருத்தி இப்பிரிவைக் காட்டி, 2022 ஆகஸ்டில் மதுரைக் கிளையில் கடவுச்சீட்டுக்கான ஆணை பெற்றார். 2024 ஏப்ரல் 19இல் திருச்சியில் வாக்களித்தார். முப்பத்தாறு ஆண்டுகள் அகதி என்று எழுதப்பட்டிருந்தவர் பிறந்த நாள் முதலே குடிமகளாக இருந்திருக்கிறார். எவரும் அவருக்குச் சொல்லவில்லை.

அவ்வழக்கில் எல்லாம் பிறந்த தேதி ஒன்றில் அடங்கியிருந்தது. முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்று எடுத்துக்கொடுப்பதைச் சந்திரஹாசனின் கழகம் பெரும்பணியாகச் செய்ததன் காரணமும் இதுவே. 1983க்கும் 1987க்கும் இடையே கடற்கரைச் சபைகளில் அகதிக் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்த ஆயர்கள் உண்டு. அப்பதிவேட்டில் பிறந்த தேதி, பெற்றோர் பெயர், ஊர் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிடுவது வழக்கம். பிறப்புச் சான்று இல்லாத இடத்தில் அவ்வரி துணைச்சான்றாகக் காட்டத்தக்கது. அப்பதிவேடுகள் எங்கே உள்ளன, கரையான் தின்னாமல் இருக்கின்றனவா, கேட்டு வருவோர்க்கு நகல் எடுத்துக் கொடுக்க எவர் பொறுப்பு என்பதைக் குருசேகரக் குழுக்கள் இவ்வாண்டிலேயே பார்த்துவைக்கலாம். அன்று பிறந்த குழந்தைகளுக்கு இப்பொழுது நாற்பது வயது ஆகிறது.